ஆட்சேபணை ஒன்று

கோமதி நகர்க்காரர்களுக்குக் கூட்டம் போடுவதென்றால் கொள்ளை ஆசை. மாதம் தவறாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜாராமன் வீட்டு மொட்டை மாடியில் கூடிவிடுவார்கள். ராஜாராமன் டெலிபோன் இலாகாவில் அதிகாரி, நகர் அசோசியேஷனின் செயலாளர். மைக் கிடையாது, ஆனால் மைக் இருப்பதுபோலத்தான் பேசுவார். போண்டா வரும், காபி வரும், கொசு வரும். தெருவிளக்கு எரியாததற்கும் தாம்பரத்துக்கு பஸ் விடாததற்கும் எல்லாரும் ஆவேசமாகக் கண்டனம் தெரிவித்து, போண்டா தீர்ந்ததும் கலைவார்கள். நகரின் வடக்கு மூலையில் பூங்காவுக்கென்று விட்டிருந்த காலி மனையில் சறுக்குமரம் எந்தப் பக்கம், ஊஞ்சல் எந்தப் பக்கம் என்ற சண்டை மட்டும் தீராமல் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மனை அவர்களுடையது அல்ல. மனைப்பிரிவு போட்டபோதே வேங்கைப்பாக்கம் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அது அவர்களுக்கும் தெரியும். பஞ்சாயத்து என்றால் என்ன என்பதுதான் தெரியாது. தேர்தல் முடிந்து புதுப் பஞ்சாயத்து வந்ததிலிருந்து வருஷத்தில் நாலு தடவை ஆபீஸ் வாசலில் ஷாமியானா போட்டுக் கிராம சபைக் கூட்டம் நடந்தது. நகரிலிருந்து ஒரு ஈ, காக்கை அங்கே போனதில்லை. “அது ஊர்க்காரங்களுக்கு சார். நமக்குத்தான் அசோசியேஷன் இருக்கே” என்பார் ராஜாராமன். தலைவர் பெயர் பொன்னுரங்கமா, பொன்னம்பலமா என்பதிலேயே அவருக்குச் சந்தேகம்.

பொன்னுரங்கத்துக்கு எதிலும் சந்தேகம் கிடையாது. நகர் இருக்கிற இடம் அவருடைய அப்பா நெல் விளைவித்த நிலம். அதை மனை போட்டு விற்று லாரிகள் வாங்கினார், மண் அடித்தார், செங்கல் அடித்தார், கடைசியில் தலைவரும் ஆனார். எந்த மனையில் யார் இருக்கிறார்கள், யார் வாய் எவ்வளவு நீளும், யார் கால் வாசற்படி தாண்டாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ராஜாராமன் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற செல்வமேரிக்கு ஏரித் தண்ணீர் நிரம்பி வழிகிற கலங்கலுக்கு அந்தப் பக்கம், காலனியில் வீடு. புருஷன் என்றைக்கோ போய்விட்டான். இருந்தது ஒரே பெண், ஜெசிந்தா. பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷமே மஞ்சள் காமாலை வந்து அதுவும் போய்விட்டது. வேளச்சேரி மெயின் ரோட்டை ஒட்டிய காலனி இடுகாட்டில் புதைத்தார்கள். கல்லறை கட்ட வசதி இல்லை. ராஜாராமன் அப்போதுதான் வீடு கட்டி முடித்திருந்தார். பாத்ரூமுக்கு வாங்கி மிஞ்சிய நீலப்பூப் போட்ட டைல்ஸ், உடைந்ததும் உடையாததுமாக, பின்பக்கம் கிடந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டாள். “எடுத்துக்கோயேன், குப்பைதானே” என்றாள் ராஜாராமனின் மனைவி வத்சலா. எதற்கு என்று கேட்கவில்லை.

அந்தத் துண்டுகளைச் சிமென்ட்டில் பதித்து, குழந்தையின் மண்மேட்டைச் சுற்றி ஒரு கரை கட்டினாள் செல்வமேரி. தலைமாட்டில் உடையாத டைல்ஸ் ஒன்று. இடுகாட்டிலேயே பளிச்சென்று தெரிகிற கல்லறை அதுதான். வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் ரோட்டிலிருந்தே பார்த்துக்கொள்வாள். அந்த நீலம் கண்ணில் பட்டால்தான் அவளுக்குப் பொழுது விடியும், பொழுது சாயும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் தண்டோரா போட்டார்கள். காந்தி ஜயந்தி அன்று கிராம சபை. மெயின் ரோட்டு இடுகாட்டை அங்கிருந்து எடுத்துவிட்டு, பஞ்சாயத்துக்கு வருமானம் வருகிற மாதிரி கடைகள் கட்டப்போகிறார்கள். ஊர்மக்கள் வந்து கருத்துச் சொல்ல வேண்டும். தண்டோரா கோமதி நகருக்குள்ளும் போனது. வெளியே சத்தம் கேட்டதும் நகர்க்காரர்கள் உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்கள்.

காலனியில் பாதி ஆண்கள் பொன்னுரங்கத்தின் லாரிகளில் லோடு ஏற்றிப் பிழைக்கிறவர்கள். செல்வமேரி முதலில் அவர்களிடம்தான் போனாள். அவர்களில் பெரியவன் குப்பன். அவனுடைய அம்மாவும் அங்கேதான் கிடக்கிறாள்.

“நாங்க மட்டும் கைய தூக்குனா நாளைக்கு லாரிகிட்ட கூட சேர்க்கமாட்டான் மேரி” என்றான் குப்பன். “நகர்ல கீற ஆபீசருங்க நாலு பேரு வந்து முன்னால குந்தட்டும். அவங்க தூக்கட்டும், பின்னால நாங்க அம்மாம்பேரும் தூக்குறோம். பேண்ட்டு போட்டவன் கேள்வி கேட்டாத்தான் பொன்னுரங்கம் பயப்படுவான்.”

அது அவளுக்கும் நியாயமாகப் பட்டது. மறுநாள் வத்சலா கொலு பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய் நின்றாள்.

“அம்மா, ஒரு ஒத்தாச பண்ணணும்.”

“என்ன, அட்வான்சா?”

“துட்டு இல்லமா. காந்தி ஜயந்தி அன்னிக்கு மீட்டிங்குக்கு நீங்களும் சாரும் வரணும். வந்து குந்திகினு, ஒரு வாட்டி கைய தூக்குனா போதும். எம்பொண்ண பொதச்ச எடத்த தோண்டப்போறாங்கம்மா.”

வத்சலாவுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. அவள் கல்நெஞ்சக்காரி அல்ல. டிவி சீரியலில் யாராவது அழுதாலே சேர்ந்து அழுகிறவள். “ஐயோ பாவமே! இதுகூடச் செய்யமாட்டோமா? கண்டிப்பா வர்றோம் செல்வமேரி. பக்கத்து வீட்டுலயும் சொல்லிக் கூட்டிட்டு வர்றேன்” என்றாள்.

ராஜாராமன் பேப்பரை இறக்கினார். “இதையெல்லாம் நாம தட்டிக் கேக்காம விட்டா யாரு கேக்கறது? கண்டிப்பா வர்றோம்” என்று ஆரம்பித்து, மக்களாட்சி என்றால் என்ன, குடிமகனின் கடமை என்ன என்று அவளை நிற்கவைத்தே ஒரு பாடம் நடத்தினார். அவளுக்கு அது பாதி புரியவில்லை. வருகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. அது போதுமாக இருந்தது.

அவள் கொல்லைப் பக்கம் போனதும் ராஜாராமன் குரலைத் தணித்தார். “யோசிச்சுப் பார்த்தா, மெயின் ரோட்ல அந்தச் சுடுகாடு போறது நல்லதுதான். நம்ம மனைக்கு விலை ஏறும்.”

“அதை அவ காதுபடச் சொல்லாதீங்க. பாவம்” என்றாள் வத்சலா.

காந்தி ஜயந்தி அன்று செல்வமேரி கிறிஸ்துமஸுக்கு மட்டும் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு, ஷாமியானா கட்டி முடிக்கும் முன்பே பஞ்சாயத்து ஆபீஸ் வாசலுக்குப் போய்விட்டாள். இரும்பு மடக்கு நாற்காலிகளில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி முன்வரிசையில் போட்டாள். முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். யாராவது உட்காரப் போனால், “அது நகர்க்காரங்களுக்குண்ணா” என்று எழுப்பிவிட்டாள். காலனி ஆட்கள் பின்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்து அந்த நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொன்னுரங்கம் வந்து இறங்கினார். “இன்னா மேரி, மாப்ள வூட்டுக்காரங்களுக்கு சீட்டு புடிக்கிறியா?”

“நகர்லேர்ந்து வர்றாங்க தலைவரே. ராஜாராமன் சாரு சொல்லிகீறாரு.”

பொன்னுரங்கம் சிரித்தார். ஆனால் அடுத்த நிமிஷமே எழுத்தர் முனிரத்தினத்தைக் கூப்பிட்டு, இடுகாட்டு விஷயத்தைக் கடைசியில் வைக்கச் சொன்னார். சோடா வாங்கி வரச் சொன்னார். தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தார். நகர்க்காரர்கள் நாலே பேர் அந்த வெயிலில் நடந்து வந்து உட்கார்ந்திருந்தால், அந்தத் தீர்மானத்தை அவர் அன்றைக்கு எடுத்தே இருக்கமாட்டார். அதுதான் வயிற்றெரிச்சல். நாலு பேர்.

நாலு பேரும் டிவி முன்னால் இருந்தார்கள். விடுமுறை தினச் சிறப்புத் திரைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. வத்சலா ஆயுத பூஜைப் பொரியில் வெல்லம் கலந்து கிண்ணத்தில் வைத்திருந்தாள். “படம் முடிஞ்சதும் ஒரு எட்டுப் போய்ட்டு வந்துடலாம்” என்றார் ராஜாராமன். படம் முடிந்ததும் சாப்பாடு. சாப்பாடு முடிந்ததும் தூக்கம்.

கூட்டத்தில் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் பேசி முடித்தாகிவிட்டது. முனிரத்தினம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இடுகாட்டுத் தீர்மானத்தைப் படித்தான். பொன்னுரங்கம் காலி நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“ஆட்சேபணை யாருக்குனா கீதா?”

செல்வமேரி கையைத் தூக்கினாள். திரும்பிப் பார்த்தாள். குப்பன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

“ஆட்சேபணை ஒண்ணு. எழுதிக்கோ முனிரத்தினம்” என்றார் பொன்னுரங்கம். “மேரி, இன்னொரு கையும் கீதே. அதையும் தூக்கு, ரெண்டா எழுதிக்கலாம்.”

கூட்டம் சிரித்தது. குப்பனும் சிரித்தான். மற்றவர்கள் சிரித்ததை அவள் தாங்கிக்கொண்டாள். அவன் சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

“எம்பொண்ணு அங்க கீது தலைவரே.”

“இருந்துட்டுப் போட்டும். மேல கட கட்டுனா அதுக்கு இன்னா தெரியப்போவுது?”

“அப்ப இனிமே சாவறவங்கள எங்க பொதைக்கிறது?”

“நல்லா கேட்ட. படிடா மீதிய.”

முனிரத்தினம் படித்தான். புதிய இடுகாட்டுக்குக் கோமதி நகர் வடக்கு மூலையில் பஞ்சாயத்துக்குச் சொந்தமான காலி மனை ஒதுக்கப்படுகிறது. சுற்றுச்சுவரும் அடிபம்பும் போட்டுக் கொடுக்கப்படும். செல்வமேரி தூக்கிய கையை மெதுவாக இறக்கினாள்.

பொன்னுரங்கம் எழுந்து முன்வரிசைக்கு வந்தார். அவள் துடைத்துவைத்த நாற்காலிகளுக்கு முன்னால் குனிந்து, ஒவ்வொன்றையும் கும்பிட்டுக் கேட்டார். “சார், உங்களுக்கு எதுனா ஆட்சேபணை கீதா? அம்மா, உங்களுக்கு?” நாற்காலிகள் பதில் சொல்லவில்லை. “படிச்சவங்க, வாயே தொறக்கல. அப்ப சம்மதந்தான்” என்றார். ஷாமியானாவே அதிரும்படி சிரித்தார்கள்.

மறுநாள் காலை செல்வமேரி வாய் நிறைய விஷயத்தோடுதான் வேலைக்கு வந்தாள். ஏன் வரவில்லை என்று கேட்க அவளுக்கு உரிமை இல்லை. ஆனால் அவர்களாகக் கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம், பூங்கா போன கதை உட்பட. வத்சலா கேட்டது, பால் குண்டானில் அடிப்பிடித்ததை ஏன் சரியாகத் தேய்க்கவில்லை என்று. அதற்கு மறுநாள் வாஷிங் மெஷின் வாங்கலாமா என்ற பேச்சு. பிறகு ஒரு நாள் தற்செயலாக ஞாபகம் வந்தது.

“ஐயோ செல்வமேரி, மறந்தே போயிட்டேன் பாரு! நல்லபடியா முடிஞ்சதா?”

கேட்டுக்கொண்டே வத்சலா தொலைபேசியில் யாருக்கோ நம்பர் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சிதும்மா” என்றாள் செல்வமேரி. அதற்குமேல் ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அந்த நிமிஷத்தில்தான் தீர்மானித்தாள். அந்தத் தீர்மானத்துக்கு ஆட்சேபணை இல்லை.

மழைக்கு முன்னால் கடைகளுக்கு அஸ்திவாரம் தோண்டிவிட வேண்டும் என்று பொன்னுரங்கம் அவசரப்பட்டார். ஒரு நாள் காலை வேலைக்கு வரும் வழியில் நீலம் கண்ணில் படவில்லை. மண்வாரி இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. குப்பன் லாரிமேல் ஏறி மண்ணைத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“எம்பொண்ணு எங்கண்ணா?”

“எலும்பல்லாம் ஒண்ணா சாக்குல கட்டி ஒரு ஓரமா பொதச்சுட்டாங்க மேரி.”

“எந்த ஓரம்?”

அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவன் முயன்றிருக்கவில்லை. அவள் அந்த மண்ணில் உட்கார்ந்து அடித்துக்கொண்டு அழுதாள். டிரைவர் ஹாரன் அடித்தான். எழுந்து வேலைக்குப் போனாள்.

கோமதி நகர் பள்ளமான இடம். மழைக்கு முன்னால் வாசலை மண் அடித்து உயர்த்துவது அங்கே எல்லா வீட்டிலும் வழக்கம். அந்த வருஷம் பொன்னுரங்கத்தின் லாரிகள் மலிவாகவே கொண்டுவந்து கொட்டின. ராஜாராமனும் அடித்துக்கொண்டார். சுற்றுச்சுவரை ஒட்டி ரோஜாப் பதியன்கள் வைத்தார். கையில் ஒரு பிடி எடுத்து உதிர்த்துப் பார்த்து, “நல்ல சத்துள்ள மண்ணு” என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார்.

கூட்டிப் பெருக்கும்போது செல்வமேரியின் துடைப்பத்தில் ஏதோ இடறியது. குனிந்து மண்ணைக் கிளறினாள். நீலப்பூப் போட்ட டைல்ஸ். ஓரத்தில் அவள் கையால் பூசிய சிமென்ட் ஒட்டியிருந்தது.

வத்சலா எட்டிப் பார்த்தாள். “அட, நம்ம பாத்ரூம் டைல்ஸ் மாதிரியே இருக்கே! கால்ல குத்திடும், தூக்கி எறி.”

செல்வமேரி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றிலிருந்து ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுவதை யாரிடமும் விடவில்லை. ஒவ்வொரு செடியிடமும் நின்று நின்று ஊற்றினாள். பெண்ணைப் புதைத்த மண் எந்தச் செடியின் அடியில் என்று அவளுக்குத் தெரியாதே. செடிகள் கொழுகொழுவென்று வந்தன. “செல்வமேரி கை ராசி” என்று வத்சலா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

தை மாதம் குப்பனின் அப்பா செத்துப்போனார். மேளம் கொட்டி, வெடி வெடித்து, பூவை வாரி இறைத்துக்கொண்டு பாடை கோமதி நகர் முதல் தெருவில் நுழைந்தது. நகர்க்காரர்கள் வழி தவறி வந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பாடை நேராக வடக்கு மூலைக்குப் போனது. ராஜாராமன் லுங்கியோடு ஓடிப் போய் நடுத்தெருவில் கையை விரித்து நின்றார்.

“யாரைக் கேட்டு இங்கே கொண்டு வர்றீங்க?”

கூட வந்த முனிரத்தினம் சாவகாசமாகச் சொன்னான். “உங்களத்தான் சார் கேட்டோம். காந்தி ஜயந்தி அன்னிக்கு. ஒருத்தர்தான் ஆட்சேபணை சொன்னாங்க. உங்க வூட்ல வேல செய்ற அம்மா.”

சறுக்குமரம் வருவதாக இருந்த பக்கத்தில் குழி வெட்டினார்கள்.

ராஜாராமன் மேலே எழுதினார், கீழே எழுதினார். கடைசியில் தாம்பரம் தாலுக்கா ஆபீசில் விசாரணை வைத்தார்கள். கூட்டத்தில் ஆட்சேபித்தவர் நேரில் வந்து, தான் சொன்னதைச் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னால், கிராம சபையை மறுபடி கூட்டச் சொல்லலாம். கூட்டத்துக்கே வராதவர்கள் சொல்வதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்றார் அதிகாரி. ராஜாராமனும் வத்சலாவும் முதல்முறையாகக் கலங்கலைத் தாண்டிக் காலனிக்கு வந்தார்கள். வத்சலா கையில் ஒரு புதுப் புடவை இருந்தது.

“புதன்கிழமை நீ வந்து சொன்னாப் போதும் செல்வமேரி” என்றார் ராஜாராமன்.

“இன்னா சார் சொல்லணும்?”

“அந்த இடத்துல இடுகாடு வரக் கூடாதுன்னு.”

“எங்க எடத்துல கட கட்டறதயும் சொல்லலாமா சார்?”

ராஜாராமன் நெளிந்தார். “அது தனி விஷயம். அதைக் கிளப்பினா எல்லாம் குழம்பிடும். கட்டடம்தான் எழும்பிடுச்சே, இனிமே என்ன பண்ண முடியும்?”

“நீதாம்மா எங்களுக்கு ஒத்தாசை பண்ணணும்” என்று வத்சலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதுகூட செய்யமாட்டனாம்மா? கண்டிப்பா வர்றேன்” என்றாள் செல்வமேரி.

புதன்கிழமை நகர்க்காரர்கள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வேன் பிடித்துப் போனார்கள். அதிகாரிக்கு எதிரே ஒரு நாற்காலியில் வத்சலா தன் கைப்பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டாள். யாராவது உட்கார வந்தால், “செல்வமேரிக்கு” என்றாள். பொன்னுரங்கம் சுவரோரமாக நின்று அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அதிகாரி சாப்பாட்டு நேரம்வரை காத்திருந்துவிட்டு, ஆட்சேபணை இல்லை என்று எழுதி முடித்தார்.

செல்வமேரி ராஜாராமன் வீட்டு ரோஜாச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. நீல டைல்ஸைக் கழுவித் துடைத்து மண்ணில் நட்டு, அதன்முன் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவைத்தாள். அது எரிந்து அணையும்வரை பெண்ணோடு இருந்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவளுக்கு மனசு ஆறியிருந்தது. பிறகு டைல்ஸை எடுத்து மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சாயங்காலம் வேன் வந்து நின்றது. ராஜாராமன் முகம் சிவக்க உள்ளே வந்தார். பின்னால் வத்சலாவும் நகர்க்காரர்களும். செல்வமேரி குழாயைப் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள்.

“எத்தனை நேரம் காத்துக்கிட்டிருந்தோம் தெரியுமா? ஏன் வரலை?” என்று கத்தினார் ராஜாராமன்.

அவள் தண்ணீரை அடுத்த செடிக்கு மாற்றினாள். திரும்பி அவரைப் பார்க்கக்கூட இல்லை.

“ஐயோ சார், மறந்தே பூட்டேன் பாரு! நல்லபடியா முடிஞ்சிதா?”

 வத்சலாவுக்கு மட்டும் அந்த வார்த்தைகளை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.